விலை கொடுத்தோம், உரிமை எங்கே?



கடையில் வாங்கிய நூல் நம்முடையது. பதிப்பகமே மூடப்பட்டாலும் அதனை நம் அலமாரியிலிருந்து எவரும் பறித்துச் செல்ல இயலாது. மெய்நிகர்த் தலைக்கருவிகளுக்காக விலைகொடுத்து வாங்கிய மின்விளையாட்டுகளுக்கோ இந்நெறி செல்லுபடியாவதில்லை.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய ‘விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி’ தளத்தை நம்பி, ஏசர், டெல், எச்.பி. முதலிய நிறுவனங்கள் தலைக்கருவிகளை விற்றன. 2023 திசம்பரில் அத்தளத்தைக் கைவிடுவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. 2024இல் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அதனை அறவே நீக்கியது. அப்பதிப்புக்கு மாறிய கணினிகளில், பழுதேதுமற்ற கருவிகள் செயலிழந்தன. மைக்ரோசாப்ட்டின் கடையிலேயே அவற்றுக்கென வாங்கிய ஆட்டங்களும் அக்கருவிகளில் திறவாமற் போயின.

“நீங்கள் பெற்றது உரிமம் மட்டுமே” என்று ஒப்பந்தத்தைக் காட்டுவது இவ்வணிகத்தின் வழக்கம். அவ்வாறாயின், பொத்தானில் ‘வாங்குக’ என்று பொறித்தது ஏன்? வாங்குதல் வேறு, இரவல் பெறுதல் வேறு என்பதை என் முதலாம் ஆண்டு மாணவரும் அறிவர்!

உரிமம் மட்டுமே விற்கப்படுமாயின் அதனைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்னும் சட்டம், கலிபோர்னியாவில் 2025 சனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. நன்று, ஆயினும் போதாது. பறிக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பறிப்பது அறமாகிவிடுமா?

தளத்தைக் கைவிடும் நிறுவனம், பயனர் தாமே இயக்கிக்கொள்ளும் வகையில் மென்பொருளைத் திறந்துவிட வேண்டும். இல்லையேல் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். இரண்டையும் மறுப்பது வணிகமன்று, ஏய்ப்பு!