ஏறாமல் நடப்போம், எல்லோரும் நடப்போம்

மலை என்றாலே ஏறுவது என்று பொருள் கொண்டுவிட்டோம். பழனிக்குப் போனால் படி ஏறுகிறோம். கொடைக்கானலுக்கு வந்தால் வேன் ஏறுகிறோம். தூண் பாறை, குணா குகை, பசுமைப் பள்ளத்தாக்கு என்று ஒரே பகலில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் இறங்கி, படம் எடுத்து, மறுபடி வேன் ஏறி ஊர் திரும்புகிறோம். வீட்டுக்கு வந்தபின் எதைப் பார்த்தோம் என்று பாட்டி கேட்டால் கைபேசியைத் திறந்துதான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்தப் பழனி மலைத் தொடரிலேயே அதிகம் ஏறவும் இறங்கவும் தேவையில்லாத, குழந்தையும் கிழவியும் கைகோத்து நடக்கக்கூடிய பாதைகள் இருக்கின்றன. அப்பாதைகளில் குடும்பமாக நடக்கும் பழக்கந்தான் நம்மிடையே இல்லை. அப்பழக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும் என்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து.

முதலில் பாதைகளைப் பார்ப்போம். கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரைக் கலெக்டராக இருந்த சர் வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து அணை கட்டியதால் உண்டானது. ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருந்தாலும் அதைச் சுற்றிவரும் ஐந்து கிலோமீட்டர்ச் சாலையில் மூச்சு வாங்கும்படியான ஏற்றம் கிடையாது. சாதாரண நடையில் ஒன்றேகால் மணி நேரம். வயதானவர்கள் உடன் வந்தால், இடையில் உட்கார்ந்து எழுந்து, இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். லெப்டினன்ட் கோக்கர் 1872-இல் அமைத்த கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர்தான். செங்குத்துச் சரிவின் விளிம்பை ஒட்டிச் செல்லும் அப்பாதையிலிருந்து, பனிமூட்டம் இல்லாத நாளில், கீழே பெரியகுளத்துச் சமவெளியும் வைகை அணையின் நீரும் தெரியும். அங்கே வண்டிகள் நுழைய முடியாது.

1845-இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் வீடுகளைக் கட்டிய நாளில் மோட்டார் சாலை ஏது? கால்நடையாகவும், குதிரையிலும், ஆட்கள் சுமந்த டோலியிலுமே மேலே வந்தார்கள். மோட்டார் சாலை வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆக, இவ்வூர் நடப்பவர்களால் உண்டான ஊர். அந்த ஊரில் இன்று, சீசன் நாளில், நடப்பவர்தான் வண்டிக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்க வேண்டியிருக்கிறது! இது முறைதானா?

நம் மக்கள் நடக்க அஞ்சுபவர்கள் அல்லர். தைப்பூசத்திற்குப் பழனிக்குப் பாதயாத்திரை வருவோரைப் பாருங்கள். செட்டிநாட்டிலிருந்து நாட்கணக்கில் நடந்து வருகிறார்கள். செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி அன்னையை நாடிக் கடலோரத்துச் சமவெளியில் காவி உடை அணிந்து நடப்போரும் எண்ணற்றவர். இவர்களிடம் இல்லாத கால்பலமா? ஆனால் நேர்ச்சைக்காக நடப்போம். விறகுக்காகவும் தண்ணீருக்காகவும் நடப்போம். ஒருவர்க்கொருவர் துணையாக, காரணம் ஏதுமின்றி நடப்பதை மட்டும் வேலையற்றவர் வேலை என்று தள்ளிவிடுகிறோம்.

வீட்டில் யார் நடக்கிறார்கள் என்று சற்று எண்ணிப் பாருங்கள். அப்பா நண்பரோடு கடைத்தெருவுக்கு நடக்கிறார். அண்ணன் எங்கே போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. அம்மாவின் நடை அடுப்படிக்கும் குழாயடிக்கும் இடையே முடிந்துவிடுகிறது. எங்கள் நிலை வேறு. வாசற்படியைத் தாண்டுமுன் “எங்கே? எதற்கு? யாருடன்?” என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். பால் வாங்க என்றால் போகலாம். டியூஷனுக்கு என்றால் போகலாம். கோயிலுக்கு என்றால் தடையே இல்லை. “சும்மா நடந்துவிட்டு வருகிறேன்” என்பதை மட்டும் எந்த வீடும் ஒரு விடையாக ஏற்பதில்லை.

பெற்றோரை நாங்கள் குறை கூறவில்லை. அவர்கள் அச்சம் பொய்யான அச்சமன்று. நாளிதழைப் பிரித்தாலே அது விளங்கும். ஆனால் அச்சத்துக்கு மருந்து கதவைச் சாத்துவதா, கூட வருவதா? தாயும் தந்தையும் தம்பியும் பாட்டியும் உடன் நடக்கும்போது அந்த மூன்று கேள்விகளுக்கும் இடமே இல்லை. ஒரு சாலையில் பெண்களும் குழந்தைகளும் நாள்தோறும் நடந்தால் அந்தச் சாலை தானாகவே பத்திரமாகிறது. ஆள் நடமாட்டம் இல்லாத சாலைதான் ஆபத்தான சாலை.

சமதளத்தை நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. படிகள் நிறைந்த இடத்தில் வலுவுள்ளவர்கள் முன்னே ஏறிவிடுகிறார்கள். முழங்கால் வலியுள்ள பாட்டியோ அடிவாரத்தில் எல்லோருடைய செருப்புக்கும் பைக்கும் காவலாக உட்கார்ந்திருக்கிறார். “நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! சமதளத்தில் யாரும் காவலுக்கு உட்கார வேண்டாம். அங்கே மெல்ல நடப்பவரின் வேகமே குடும்பத்தின் வேகம். முந்துவதால் பெருமை இல்லை, பிந்துவதால் வெட்கமும் இல்லை.

பேச்சும் அங்கேதான் பிறக்கிறது. எதிரெதிரே அமர்ந்து மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினால் அது விசாரணையாகிவிடும். பக்கத்தில் நடந்துகொண்டே, தண்ணீரைப் பார்த்தபடி பேசினால், கணக்கில் ஏன் குறைந்தது என்பதைக் கண்கலங்காமல் சொல்லலாம். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடம் எடுப்பது, அதற்குப் பின் படிக்க அனுப்புவீர்களா என்பன போன்ற கேட்கத் தயங்கும் கேள்விகளையும் கேட்கலாம். உடல்நலமும் கிடைக்கிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமும் உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஞாயிறன்று ஏரியை ஒருமுறை சுற்றினாலே அம்மாவின் 150 நிமிடத்தில் பாதி தீர்ந்துவிடுகிறது.

“நேரம் எங்கே இருக்கிறது?” என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு நேரம் இல்லாததன் காரணம் ஞாயிற்றுக்கிழமைச் சமையல்தான். அன்று மாலை எல்லோரும் சேர்ந்து பாத்திரம் கழுவினால் அரை மணியில் வேலை முடியும். அண்ணன்மாருக்கும் கைகள் உண்டு அல்லவா? “மழை, குளிர்” என்பார்கள். வடகிழக்குப் பருவமழை ஆண்டு முழுவதும் பெய்வதில்லை. குளிருக்கு ஸ்வெட்டர் உண்டு. “காட்டெருமை வரும்” என்பார்கள். கொடைக்கானல் தெருக்களில் அது வருவது மெய்தான். ஆகையால் இருட்டுமுன் திரும்புவோம்; வழியில் கண்டால் படம் எடுக்க நெருங்காமல் விலகி நிற்போம்.

வீடு செய்ய வேண்டியது இது. ஊர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவைப்பட்டது. 2025 கோடைக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று அளவும் வைத்தார்கள். மலைக்கு எத்தனை வண்டி வரலாம் என்று எண்ணுவது நல்லதே. வந்த பிறகு மக்கள் எங்கே இறங்கி நடப்பது என்பதையும் எண்ண வேண்டாமா?

வழிகாட்டத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் மலையடிவாரத்துப் பழனியில், குன்றைச் சுற்றிவரும் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையில் ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு, 2024-இல் தனியார் வண்டிகள் தடுக்கப்பட்டன. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு இடமில்லை. அலையோசை கேட்டுக்கொண்டே குடும்பங்கள் நடக்கின்றன. மராட்டிய மாநிலத்து மாத்தேரான் என்னும் மலையூரில் சுற்றுலாப் பயணிகள் தங்கள் கார்களை ஊர் எல்லையிலேயே விட்டுவிட வேண்டும். ஆகவே, ஞாயிறுதோறும் காலை 6 முதல் 9 வரையாவது ஏரிச்சாலையை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் விட்டுவிடுமாறு பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பாட்டிமார் அமர அங்கங்கே பெஞ்சுகள் வேண்டும். பெண்களுக்குத் தூய்மையான கழிப்பறைகள் வேண்டும். அவை இல்லாததால் நடக்க வர மறுக்கும் தாய்மார்கள் பலர். கடலை விற்பவருக்கும் சோளம் சுடுபவருக்கும் இதனால் நஷ்டம் வராது. காரில் விரைபவரைவிட நடந்து வருபவரே நின்று வாங்குகிறார்!

தோழியரே, இம்மலையில் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. பன்னிரண்டாண்டுக் கணக்கின்படி இனி 2030-இல் பூக்கும். அப்போது நம்மில் யார் கல்லூரி விடுதியில் இருப்போமோ, யார் வேலைக்காக எந்த ஊரில் இருப்போமோ, நம் பாட்டிமார்களில் யார் நம்மோடு இருப்பார்களோ, இறைவன் ஒருவனே அறிவான். குறிஞ்சிக்குக் காத்திருக்கலாம்; குடும்பத்தோடு நடப்பதற்குக் காத்திருக்க இயலாது. இந்த ஞாயிறன்றே வீட்டில் கேட்போம். அப்பா மறுத்தால் அடுத்த ஞாயிறும் கேட்போம். பாட்டியின் கையைப் பிடித்து அவர் நடக்கும் வேகத்திலேயே நடப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘அ’ பிரிவு