மங்கலதேவி மலையும் சித்திரைச் சண்டையும்

சித்திரை முழுநிலவு நெருங்கும்போதெல்லாம் சமூக ஊடகங்களில் ஒரு சண்டை தவறாமல் மூள்கிறது: மங்கலதேவி கண்ணகி கோட்டம் தமிழகத்துக்கு உரியதா, கேரளத்துக்கு உரியதா? இடுக்கி, தேனி மாவட்டங்களின் எல்லையில், 1,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிச் சிதைந்து நிற்கும் அந்தக் கற்றளி ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் மக்களுக்குத் திறக்கிறது. அந்த ஒரு நாளை முன்னிட்டு ஒரு வாரம் இருதரப்பும் வசை பொழிகின்றன. எஞ்சிய ஐம்பத்தொரு வாரங்களில் அந்தக் கற்களைப் பற்றிப் பேச ஆளில்லை.

தமிழ்த் தரப்பின் வாதம் மூன்று படிகள் கொண்டது. சிலப்பதிகாரம் தமிழ்க் காப்பியம். ஆகவே கண்ணகி தமிழ்த் தெய்வம். ஆகவே மலை தமிழகத்துக்குச் சொந்தம். முதல் படியில் ஐயமில்லை. இரண்டாவதையும் ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவது, காப்பியத்தை நிலப்பத்திரமாக வாசிப்பதன் விளைவு. அப்படியே வாசித்தாலும் வழக்கில் வெல்வது யார்? கண்ணகி பிறந்தது சோழரின் புகாரில். வழக்குரைத்து எரித்தது பாண்டியரின் மதுரையை. விண்ணேறியது சேரநாட்டு மலையில். கல் எடுத்தவன் சேரன் செங்குட்டுவன். மூன்றாம் காண்டத்தின் பெயரே வஞ்சி. அந்த வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்ற பூசல் அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை. பத்திரம் காட்டப் போகிறவர்கள் அதில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது.

மறுதரப்பு வேறொரு தவறைச் செய்கிறது. அங்கே இருப்பது பகவதி. 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் வந்து அடையாளம் காட்டிய பிறகே கண்ணகியின் பெயர் ஒட்டப்பட்டது என்கிறது. கோவிந்தராசனாரின் அடையாளத்தை ஆய்வு முறையில் கேள்விக்கு உட்படுத்தலாம், அது நியாயம். ஆனால் கண்ணகியைக் கேரளத்துக்கு அயலவளாக்குவது நகைப்புக்குரியது. திருவனந்தபுரம் ஆற்றுக்கால் கோயிலில் கும்ப மாதத் திருவிழா நாள்களில் பாடப்படும் தோற்றம்பாட்டு கண்ணகியின் கதைதான். பாண்டியன் வதைப் பகுதி பாடி முடிந்த பிறகே பொங்கல் அடுப்புகளில் தீ மூட்டப்படுகிறது. 2009ஆம் ஆண்டுப் பொங்காலையில் 25 இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. அத்தனை பேரும் மதுரையின் நீதிப் பிழையைக் கேட்ட பிறகே உலை வைத்தார்கள். கொடுங்கல்லூர்ப் பகவதியிடம் கண்ணகியைக் காணும் மரபும் நெடுநாளையது.

இந்தச் சண்டையின் அடியில் கிடப்பது மொழி வரலாறு பற்றிய ஒரு குழப்பம். சிலப்பதிகாரக் காலச் சேரநாட்டின் இலக்கிய மொழி தமிழ். மலையாளம் தனி மொழியாக எழுத்தில் தெளிவாகப் பிரிந்து நின்றது அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி. 1956 நவம்பர் 1 அன்று வரையப்பட்ட மாநில எல்லையை எடுத்துப் போய் அந்தக் காலத்தின் மேல் வைப்பவர்கள் இருபுறமும் உண்டு. கோட்டம் என்ற சொல்லையே பாருங்கள். கோயிலைக் குறித்த அந்தப் பழஞ்சொல் தமிழ்நாட்டுப் பேச்சில் ஏறக்குறைய வழக்கொழிந்தது. வடமலபாரில் தெய்வத் தலங்களின் பெயராக இன்றும் உயிரோடு இருக்கிறது. சொல்லைக் காத்தவர்களை அயலார் என்பது என்ன நியாயம்?

பாலக்காட்டுப் பக்கம் போனால் குழப்பம் இன்னும் தெளியும். பாரதப்புழைக் கரையோரத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்து இரவிரவாக நடக்கிறது. திரைக்குப் பின்னே ஒலிப்பவை கம்பராமாயணப் பாடல்கள். விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்தது. நிகழ்த்துவோருக்குப் பட்டம் 'புலவர்'. பத்ரகாளி தாரகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராமராவணப் போரைக் காண முடியவில்லை, அவளுக்காகவே இந்தக் கூத்து என்பது ஐதிகம். பல இரவுகளில் எதிரே ஒருவரும் இருப்பதில்லை. தேவி கேட்கிறாள், போதும். மலையாளப் பகவதி கம்பனைக் கேட்டால் எந்த எல்லைக்கும் சேதமில்லை. மங்கலதேவியில் மட்டும் எப்படி வருகிறது?

இந்தக் கூச்சலில் மிகவும் மறைந்துபோனவர்கள் மலைமக்கள். சிலம்பின் கதையில் கண்ணகியைத் தெய்வமாக முதலில் கண்டவர்கள் குன்றக் குறவர்கள். வேங்கை மரத்து நிழலில் நின்றவள் விண்ணேறியதைப் பார்த்தவர்கள், குரவை ஆடி முதல் விழா எடுத்தவர்கள், பிறகு அரசனிடம் செய்தி சொன்னவர்கள் அவர்களே. கங்கையில் நீராட்டிய இமயக் கல் அதன் பிறகு வந்தது. இன்றும் தமிழகப் பக்கத்து நடைவழி பளியங்குடியிலிருந்துதான் தொடங்குகிறது. பெயரிலேயே பளியர் இருக்கிறார்கள். உரிமை கோரும் அறிக்கைகளில் அவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

முழுநிலவன்று குமுளியிலிருந்து ஜீப்புகள் ஏறுகின்றன. பளியங்குடி வழியே முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் காட்டு வழியில் நடந்து ஏறுகிறார்கள். மேலே தமிழ் முறையிலும் கேரள முறையிலும் பூசைகள் நடக்கின்றன. பக்தர்கள் இரண்டையும் கும்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள். அவர்களுக்கு இல்லாத சிக்கல் கைப்பேசிக்காரர்களுக்கு இருக்கிறது. புலிகள் காப்பகம் என்பதால் நாள்களைக் கூட்டக் கேட்பதில் தயக்கம் வேண்டும். சரியும் சுவர்களைச் சீர்செய்யவும், அங்குள்ள கல்வெட்டுகளை முழுமையாகப் படியெடுத்து இரு மொழியிலும் வெளியிடவும் காட்டுக்குள் கூட்டம் கூட்ட வேண்டியதில்லை. விழாவுக்கு முன்பு இரு மாவட்ட ஆட்சியர்களும் கூடிக் குடிநீரையும் வாகனங்களையும் பற்றி முடிவெடுக்கிறார்கள். அதே மேசையில் கல்வெட்டும் வைக்கப்படட்டும். பளியர் ஒருவருக்கு நாற்காலியும் போடப்படட்டும்.