சிவப்பதெல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல!



நம்மில் யாருக்காவது கண் சிவந்திருந்தால் போதும். "மெட்ராஸ் ஐ தாம்ப்பா, மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கிப் போடு" என்று, கொரட்டூர் ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் பத்துப் பேர் டாக்டராகி விடுகிறோம்! மின்னுவதெல்லாம் பொன்னல்ல; சிவப்பதெல்லாம் மெட்ராஸ் ஐயும் அல்ல.

மெட்ராஸ் ஐ கண்ணின் மேல் சவ்வில் வருவது. பெரும்பாலும் சில நாளில் போய்விடும். ஆனால் கண்ணுக்கு உள்ளே, ரத்தக் குழாய்கள் நிறைந்த நடுப்படலத்தில் வரும் அழற்சி வேறு. அதன் பெயர் யுவைட்டிஸ். கவனிக்காமல் விட்டால் பார்வையே பறிபோகும். பின்பக்கத்தில் வந்தால் கண் சிவக்காமலே பார்வை மங்கும்.

இதற்குக் காரணம் பல. காசநோயாலும் வரலாம், மூட்டு நோயோடும் வரலாம். 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பக்கம் எலிக்காய்ச்சலால் பலருக்கு இப்படிக் கண் பாதித்ததை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். வகை தெரியாமல் ஸ்டீராய்டு சொட்டு போட்டால் வலி குறையும். உள்ளே கிருமி இருந்தாலோ அது பெருகலாம்!

இங்கேதான் கருவி கை கொடுக்கிறது. கை நரம்பில் ஃப்ளோரசின் சாயம் ஏற்றி நீல ஒளியில் விழித்திரையைப் படம் பிடித்தால், கசியும் ரத்தக் குழாய் ஒளிர்ந்து காட்டிக் கொடுக்கும். 1961-ல் இம்முறையை வெளியிட்ட நோவோட்னியும் ஆல்விஸும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள்! 1991-ல் வந்த ஓ.சி.டி., ஊசியே இல்லாமல், திரும்பி வரும் ஒளியை அளந்து விழித்திரையின் அடுக்குகளை வெட்டிப் பார்த்தது போலக் காட்டுகிறது. 2021-ல் உலக வல்லுநர்கள் 25 வகை யுவைட்டிஸுக்கு வரையறை வகுத்தபோது, சில வகைகளுக்கு இப்படங்களும் அடையாளமாயின.

படம் மட்டும் போதாது. ரத்தப் பரிசோதனையும் டாக்டரின் அனுபவமும் வேண்டும்தான். ஆனால் ஊகத்தில் மருந்து போடுவது, மல்டிமீட்டர் வைக்காமல் சர்க்யூட்டில் ஃபால்ட் தேடுவது மாதிரி!

எனவே கண்ணில் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் என்றால் மெடிக்கல் ஷாப்பில் நிற்காதீர்கள். ரயில் ஏறுங்கள், 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இன்னொன்று. அந்தக் கருவிக்குள் இருப்பது என்ன? லென்ஸ், டயோடு, சென்சார், சர்க்யூட்... எல்லாம் நம் பாடம்! 1992-ல் தொடங்கிய மதுரை ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகச் செய்து காட்டியது. படம் பிடிக்கும் கருவியையும் அப்படிச் செய்ய, பழுது பார்க்க, டிப்ளமோக்காரன் கை வேண்டாமா? சிந்திப்போம்!