பாட்டுக்கு ஒரு தட்டு போதுமா?

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யும் பழக்கம் நம் மாணவரிடையே வேகமாகப் பரவி வருகின்றது. ஒலிவாங்கி ஒன்று, மடிக்கணினி ஒன்று, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை. இவை போதும் என்றாகிவிட்டது. நான் அறிவியல் மாணவி என்ற ஒரே காரணத்தால் பலர் என்னிடம் வந்து, "எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்? எது வேகமானது?" என்று கேட்கின்றனர். கேள்வி நல்லதே. ஆனால் அது பாதிக் கேள்வி. மீதிப் பாதியைக் கேட்பார் இல்லை. அதனை எழுப்பவே இக்கட்டுரை.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றேன். விலையுயர்ந்த தட்டு ஒன்றைவிட எளிய விலைத் தட்டுகள் இரண்டு மேலானவை. அவ்விரண்டும் ஒரே வீட்டில் இராமல் இரு வீடுகளில் இருக்குமானால் அதனினும் மேல்.

நான் குடியிருக்கும் திலக் நகருக்கு ஹார்பர் இருப்புப்பாதையில் அடுத்த நிலையம் குர்லா. அப்பகுதியில் வளர்ந்த நேஸி என்னும் இளைஞர் 2014ஆம் ஆண்டில் ஓர் ஐபேடைத் துணைக்கொண்டே 'ஆஃபத்' என்ற பாட்டை உருவாக்கிப் புகழ்பெற்றார். தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழுவினர் 2018இல் வெளிவந்த 'காலா' திரைப்படத்தின் பாடல்களில் இடம்பெற்றனர். தெருவின் குரல் திரையேறியது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டினால்தான் பாடலாம் என்ற நிலை மாறிவிட்டது.

மகிழத்தக்க மாற்றம்தான், ஐயமில்லை. ஆனால் கூடத்தில் பாடிய காலத்தில் மூலநாடாவைக் காக்க ஓர் ஆள் இருந்தார், அலமாரி இருந்தது, பூட்டு இருந்தது. இன்று பாடுபவரும் நாமே, பதிபவரும் நாமே. அப்படியானால் காவற்காரரும் நாமே ஆகவேண்டும் அன்றோ? முதலிரண்டு வேலைகளை விரும்பி ஏற்ற நாம் மூன்றாவதை யாருக்கும் ஒப்படைக்காமல் விட்டுவிட்டோம்.

முதலில் வேகத்தைப் பற்றிய அச்சத்தைத் தீர்ப்போம். இதற்குப் பள்ளிக் கணக்கே போதும். நல்ல தரத்தில் பதிவு செய்வோர் நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட் என்ற அளவில் பதிகின்றனர். அஃதாவது ஒரு குரலுக்கு நொடிக்கு 1,44,000 பைட், நிமிடத்துக்கு 8.64 மெகாபைட். குரல், ஆர்மோனியம், தபேலா, கிட்டார் என்று எட்டுத் தடங்களை ஒரே நேரத்தில் பதிந்தாலும் நொடிக்கு 1.2 மெகாபைட்டைத் தாண்டாது. சுழலும் தட்டுள்ள சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க்கே தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்கு 100 மெகாபைட் அளவில் எழுதவல்லது. மாட்டுவண்டியில் ஏற்றக்கூடிய சுமைக்கு இரயில் எஞ்சின் தேடுவானேன்? இடத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். எட்டுத் தடப் பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 4.15 கிகாபைட் கொள்ளும். ஒரு டெராபைட் தட்டில் அத்தகைய பதிவு 240 மணி நேரம் அடங்கும்.

அப்படியானால் எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத தட்டு வீணா? இல்லை. அதற்கு உரிய இடம் உண்டு. சுழலும் தட்டு மெல்ல இரையும். சிறிய அறையில் ஒலிவாங்கிக்கு அருகே வைத்தால் அவ்விரைச்சலும் பாட்டோடு பதிவாகும். பியானோ, வயலின் முதலிய கருவிகளின் ஒலித் தொகுப்புகளைக் கணினியில் ஏற்றி வாசிப்போர்க்கு ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக நொடியில் எடுக்க வேண்டியிருக்கும். சுழலும் தட்டின் முள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சென்று படிக்கப் பத்து மில்லிநொடிக்கு மேலும் ஆகலாம், எஸ்.எஸ்.டி.யில் அந்தத் தாமதம் பத்தில் ஒரு மில்லிநொடி அளவே. ஆகவே வேலை செய்யும் தட்டு எஸ்.எஸ்.டி.யாக இருப்பது நன்று. ஆனால் இன்றைய மடிக்கணினிகள் பலவற்றுள் அது முன்னமே இருக்கின்றது! அதிலேயே பதிவு செய்யலாம். வெளியே வாங்கும் தட்டு காப்பதற்கு உரியது. காக்கும் தட்டுக்கு வேகம் பெரிதன்று.

இனி மீதிப் பாதிக் கேள்விக்கு வருவோம். தட்டு கெட்டால் என்ன செய்வது?

"கெடுமா?" என்று கேட்காதீர்கள். எப்போது கெடும் என்பதே கேள்வி. சுழலும் தட்டில் படிக்கும் முள் தட்டின் மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றது. நம் தலைமயிரின் தடிப்பு அதைப்போல் பல்லாயிரம் மடங்கு. மேசையிலிருந்து ஒருமுறை கீழே விழுந்தால் முள் தட்டை உரசிவிடக்கூடும். உரசிய இடத்தில் பாட்டு இராது. எஸ்.எஸ்.டி.க்கு விழுவதால் அவ்வளவு தீங்கில்லை. ஆனால் அது செய்தியை மின்னூட்டமாகச் சேமிக்கின்றது. மின்சாரம் இன்றி நெடுங்காலம் பெட்டிக்குள் கிடந்தால் அம்மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதி எழுதித் தேய்ந்த தட்டாயின் கசிவு விரைவுபடும். ஒன்று இடியால் கெடும்; மற்றது இருப்பால் கெடும். சாகாவரம் பெற்ற தட்டு இதுவரை செய்யப்படவில்லை.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. இரண்டடி அகலமான 50 தட்டுகள் சேர்ந்து ஐம்பது இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. நம் கணக்கில் ஒரே குரலின் அரை நிமிடப் பதிவுக்குக்கூட அது போதாது. இன்று சட்டைப்பையில் அடங்கும் தட்டில் ஓர் ஊரின் பாட்டையே அடக்கலாம். கொள்ளளவு வானளவு வளர்ந்தது. ஆயுள் அவ்வாறு வளரவில்லை. அயர்ன் மவுண்டன் என்னும் பெரிய காப்பக நிறுவனம் 2024இல் வெளியிட்ட செய்தி இதற்குச் சான்று. இசை நிறுவனங்களிடமிருந்து தன்னிடம் வந்த 1990களின் ஹார்ட் டிஸ்க்குகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைப் படிக்கவே இயலவில்லை என்று அது கூறியது. பணமும் பாதுகாப்பும் படைத்தோர் நிலை இது. புத்தக மூட்டைக்கும் சாப்பாட்டுத் தூக்குக்கும் நடுவே தட்டை நுழைத்துக்கொண்டு மின்வண்டியில் தொங்கும் நம் நிலை என்ன?

இரண்டு தட்டு வாங்கி இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பது அரைக் காவல். 2008ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஹாலிவுட் யுனிவர்சல் வளாகத்தில் எழுந்த தீ, ஒரே கிடங்கில் இருந்த இசை மூலநாடாக்களை எரித்தது. எத்தனை அழிந்தன என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நமக்குத் தீயைவிட நீரே பக்கத்தில் இருக்கின்றது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததையும், மித்தி ஆறு பொங்கியதையும், குர்லா வட்டாரம் மூழ்கியதையும் இங்குள்ள பெரியவர்கள் இன்னும் சொல்கின்றனர். வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால் முதல் தட்டு எது, இரண்டாம் தட்டு எது என்று பார்த்தா புகும்?

"இணையக் கிடங்கு இருக்கின்றதே!" என்பர் சிலர். இருக்கின்றது, பயன்படுத்துங்கள். முடிந்த பாட்டை அதில் வைக்கலாம். ஆனால் இலவச இடம் நம் தடங்கள் அனைத்துக்கும் போதாது; கட்டண இடமோ பணம் நின்றால் நில்லாது. "மாணவர் கையில் இரண்டு தட்டுக்குப் பணம் ஏது?" என்பர் வேறு சிலர். அவர்களுக்காகவே எழுதுகின்றேன். லாமிங்டன் சாலைக்குப் போய், மிக வேகமான பெரிய எஸ்.எஸ்.டி. ஒன்றை விலை கேளுங்கள். அதே கொள்ளளவுள்ள சுழலும் தட்டையும் விலை கேளுங்கள். வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் காவலுக்குக் கொடுங்கள் என்பதே என் வாதம்.

இவ்வளவு வலியுறுத்துவானேன் என்று தோன்றலாம். நாம் பதிவது நம் பாட்டை மட்டும் அன்று. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது என் ஆச்சி நடவுப் பாட்டுகளை 47 நிமிடம் பாடினார். நடுநடுவே இரயில் கூவும் ஒலியும் அதில் உண்டு. அப்பதிவு நானூறு மெகாபைட்டுக்குச் சற்று மேல். தட்டின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. இன்று ஆச்சிக்கு மூச்சு இரைக்கின்றது, பாட முடிவதில்லை. கடையில் வாங்கிய பாட்டு தொலைந்தால் மீண்டும் வாங்கலாம். ஆச்சியின் பாட்டுக்குக் கடை எது? தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் இப்படி எத்தனை ஆச்சிகள், எத்தனை தாத்தாக்கள்! ஊரை விட்டு வந்த நமக்கு நிலம் இல்லை, வயல் இல்லை. அவர்களின் குரல்தான் இருக்கின்றது. அதையும் ஒரே தட்டில் தொங்கவிடலாமா?

ஆகவே ஒரு யோசனை சொல்கின்றேன். இருவர் இருவராக இணைவோம். என் இரண்டாம் தட்டு உங்கள் வீட்டில். உங்கள் இரண்டாம் தட்டு என் வீட்டில். மாதம் ஒருமுறை கல்லூரிக்குக் கொண்டுவந்து புதுப்பிப்போம். படி எடுத்ததும் ஒரு பாட்டையாவது திறந்து கேட்டுப் பார்ப்போம். திறக்காத படி படியன்று. கோப்பின் பெயரில் பாடியவர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதுவோம். நம் மன்ற அலமாரியில் கோப்பைகளுக்கும் கேடயங்களுக்கும் இடம் இருக்கின்றது. உறுப்பினர் பாட்டுகளுக்கென ஒரு தட்டு வைக்கவும் அங்கே இடம் உண்டு. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்புகின்றேன். வழிமொழிய வாருங்கள், தோழர்களே!