வன்தட்டும் வேள்விக் குண்டமும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அதையொட்டி, திருவண்ணாமலையில் நாங்கள் பணிபுரியும் கல்லூரியின் தமிழ்த்துறைக் கணினியையும் பதினொன்றாம் பதிப்புக்கு உயர்த்துவதென முடிவாயிற்று. வன்தட்டில் இடம் போதவில்லை. "எது எது வேணாம்னு சொல்லுங்க சார், எடுத்துடறேன்" என்றார் கணினி பார்க்க வந்த தம்பி. நாங்கள் மூவர் சுற்றி நின்று கைகாட்டினோம். திறந்தால் ரோமன் எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாய் உளறிய ஒரு கோப்புறையையும் அவ்வாறே காட்டினோம். அழிந்தது.

அது இன்னதென்று மறுவாரம்தான் நினைவுக்கு வந்தது. இருபதாண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்கள் ஜவ்வாது மலை ஊர்களில் தங்கி, தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் கேட்டெழுதி, வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த தொகுப்பு அது. பாடியவர்களுள் பலர் இன்று இல்லை. அழிந்த இடத்தின்மேல் புதிய இயங்குதளம் எழுதப்பட்டுவிட்டதால் மீட்பு முயற்சியும் பலிக்கவில்லை. பழைய மாணவர் ஒருவரிடம் இருந்த குறுந்தட்டில் பாதி கிடைத்தது. மறுபாதி போயிற்று.

குற்றம் அந்தத் தம்பியுடையது அன்று. படிக்க இயலாததைக் குப்பை என்று கொண்டவர்கள் நாங்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்ற உ.வே.சாமிநாதையர், சிதைந்த பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு வருந்திய செய்தியை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். சொல்லும்போது அக்கால மனிதரின் அறியாமையை எண்ணிச் சற்றே நகைக்கவும் செய்கிறோம். இனி எங்களால் நகைக்க இயலாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இடத்தை அடைத்திருந்தது அந்தப் பாட்டுத் தொகுப்பே அன்று. எழுத்து மிகச் சிறிய இடத்தில் அடங்குவது. இணையத்தில் வழங்கும் ஒருங்குறி முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு ஆகிறது. அப்படியும் 1330 குறளும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்; கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனினும் பெரிது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்த கொள்ளளவோ 64 கிகாபைட்டு. இடம் வேண்டுவோர் முதலில் கைவைக்க வேண்டியவை வேறு: குப்பைத்தொட்டி, தற்காலிகக் கோப்புகள், முந்தைய மேம்படுத்தல் விட்டுச்சென்ற 'விண்டோஸ்.ஓல்டு' கோப்புறை, கணினி உறக்கநிலைக்கென ஒதுக்கிவைக்கும் சில கிகாபைட்டு, துறை விழாக்களின் காணொளிகள். காணொளிகளை வெளித்தட்டுக்கு மாற்றலாம். ஏனையவற்றை மேம்படுத்தலுக்கு முன் தயங்காமல் நீக்கலாம்.

படிக்க இயலாமற் போனதற்கும் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் எழுத்துரு விற்றவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. இணையத் தமிழர் வகுத்த திஸ்கி ஒருபுறம் இருந்தது. முடிவில் ஒருங்குறி நிலைபெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டச்சிட்ட ஆய்வேடுகளும் சிற்றிதழ்களும் எத்தனை கணினிகளில் ஊமையாய்க் கிடக்கின்றனவோ! அவற்றுக்கு வாய் தரமுடியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழைய குறியேற்றங்களில் ஏற்றிய நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவந்து காட்டினார்கள்.

ஆகவே தமிழ்த்துறைகளுக்கும் இதழ் நடத்துவோருக்கும் எங்கள் வேண்டுகோள் இது. அழிப்பதற்கு முன் அனைத்தையும் இரண்டு இடங்களில் படியெடுங்கள். 2018 அக்டோபரில் மைக்ரோசாப்டின் மேம்படுத்தலே சிலரது ஆவணங்களை அழித்து, நிறுவனம் வெளியீட்டை நிறுத்திவைக்க நேர்ந்ததை நினைவிற் கொள்ளுங்கள். பழைய எழுத்துருக் கோப்புகளையும் உடன் சேர்த்து வையுங்கள்; வேர்டு கோப்பில் எழுத்துருவின் பெயர் பதிந்திருக்கும், வெற்று உரைக்கோப்பில் இராது. பின்னர் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றியதைத் தமிழறிந்த ஒருவர் வரிவரியாக மெய்ப்புப் பார்க்கட்டும். கொம்பும் காலும் இடம் மாறினால் சொல்லே மாறிவிடும். எதை அழிப்பது என்பதைக் கணினி அறிந்தவரிடம் விட்டுவிடாதீர்கள். அது பாடம் அறிந்தவரின் கடமை.

குறுந்தட்டில் கிடைத்த பாதியை இப்போது ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். கார்த்திகையில் எங்கள் ஊரார் மலையுச்சிக்கு நெய் சுமந்து செல்வது ஊரெல்லாம் ஒளி காண்பதற்காக. ஏட்டை எரித்த நெய்யையும் நாங்கள் கண்டுவிட்டோம். உங்கள் துறையின் பழைய கணினியில் திறந்தால் உளறும் கோப்புறை ஒன்று இருக்கக்கூடும். இடம் போதவில்லை என்று யாரேனும் வந்து நிற்பதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.