பேட்டரிக்கும் குளிரும் பாஸ்!

டிசம்பர் லீவுக்கு லடாக் போகலாமானு கேங்ல பேச்சு ஓடுதா? கரன்ட் எட்டிப் பார்க்காத கிராமம், டென்ட், கூடவே சோலார் பேனல், லித்தியம் பேட்டரினு லிஸ்ட் போட்டாச்சா? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான்.

ஜனவரி ராத்திரியில் லே நகரத்திலேயே மைனஸ் 15 டிகிரி சகஜம். அந்தக் குளிரிலும் பேட்டரி லைட்டை எரிய வைக்கும். பல லித்தியம் பேட்டரிகள் மைனஸ் 20 வரை கரன்ட் கொடுக்கும், கொஞ்சம் குறைச்சலா. 'சூப்பரா இருக்கே'னு நாம ஏமாறுறது இங்கேதான். கொடுக்கிறது வேற, வாங்குறது வேற. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏத்துறதுதான் ஆபத்து.

ஏன்? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குக்குள்ளே போய் உட்காரணும். குளிரில் அது ரொம்ப ஸ்லோ. காலேஜ் பஸ்ல உள்ளே நகராம படிக்கட்டுல தொங்குற கூட்டம் மாதிரி, அயனிகள் வெளியிலேயே உலோகமாப் படிஞ்சிடும். அப்புறம் சூடாக்கினாலும் போன கொள்ளளவு முழுசாத் திரும்பாது. படிஞ்சது ஊசி மாதிரி வளர்ந்து உள்ளே ஷார்ட் ஆனா, தீப்பிடிக்கவும் சான்ஸ் உண்டு.

காமெடி என்னன்னா, குளிர்ந்தா சோலார் பேனலுக்குக் குஷி, வோல்டேஜ் கூடும். விடிஞ்சதும் பளீர்னு வெயில், பேனல் ரெடி. ஆனா ராத்திரி பூரா விறைச்ச பேட்டரி ரெடி இல்லை. காத்து சூடானாலும் உள்ளே இருக்கிற செல் சூடாக சில மணி நேரம் ஆகும்.

என்ன செய்யலாம்?

* குளிரில் சார்ஜைத் தானா நிறுத்துற பி.எம்.எஸ். இருக்கானு கேட்டு வாங்குங்க. எல்லா பேட்டரியிலும் அது இருக்காது.
* பேனல் வெளியே, பேட்டரி நாம தூங்குற ரூமுக்குள்ளே. அதுக்காக அடுப்புக்குப் பக்கத்துல வேண்டாம்!
* ஹீட்டர் வெச்ச பேட்டரியும் கிடைக்குது. முதல் வெயிலில் சூடாகிட்டு, அப்புறம்தான் சார்ஜ் ஏத்திக்கும்.
* செல்போன், பவர்பேங்க் ரெண்டையும் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளே வெச்சுக்கங்க. ஆனா அங்கே வெச்சு சார்ஜ் போடாதீங்க.

பேட்டரி செத்தா, மாத்துறதுக்கு அங்கே பக்கத்துல கடை கிடையாது. ராத்திரி யாருக்காவது மூச்சுத்திணறல்னா, உதவிக்குக் கூப்பிட போன்ல உயிர் இருக்கணும். அதனால, முதல்ல சூடு... அப்புறம் சார்ஜ்!