பிறவித் துடைப்பம்

சடையங்குப்பத்துத் தேநீர்க் கடையில் பேசிக் கொண்டிருக்கையில் ஒரு தோழர் நம்மைப் பார்த்து, "ஏழை மகன் ஏழையாவதும் பணக்காரன் மகன் பணக்காரனாவதும் எல்லாத் தேசத்திலும் உள்ளதுதானே? நீங்கள் மாத்திரம் ஜாதி, ஜாதி என்று ஏன் கத்துகின்றீர்கள்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே.

தென் கொரியாவைப் பாருங்கள். அங்கும் வாலிபர்கள், "அவன் தங்கக் கரண்டியோடு பிறந்தான், நான் மண் கரண்டியோடு பிறந்தேன்" என்று மனம் நொந்து பேசுகின்றார்கள். முன்பு அங்கே மாடு அறுப்போரைப் பிறவி இழிந்தவர் என ஒதுக்கியிருந்தார்கள். 1894-ல் சட்டம் அவ்விழிவை ஒழித்தது. சட்டம் ஏட்டோடு நிற்கக் கண்டு, 1923-ல் ஜின்ஜு நகரில் சங்கம் கண்டு போராடினார்கள். அங்கே இன்று மிச்சமிருப்பது பணத்தின் கொடுமை. அதற்குச் சமதர்மம் மருந்து.

நம் நாட்டிலோ ஒருவன் துடைப்பத்தோடேயே பிறக்கின்றான்! கொசஸ்தலை ஆறு பெருகி இவ்வூரில் வெள்ளம் புகும்போது ஜாதி பார்த்தா புகுகின்றது? வடிந்த பின் சாக்கடை அள்ள வருகிறவர் மாத்திரம் பெரும்பாலும் எந்த ஜாதியார்? சாக்கடையிலும் மலக்குழியிலும் வேலை செய்வோர் சுமார் 38,000 பேரை மத்திய சர்க்கார் கணக்கெடுத்து 2024-ல் வெளியிட்டதில், 100-க்கு 69 பேர் தாழ்த்தப்பட்டோர். இது தற்செயலா? வருணாசிரமத்தின் விளைவா?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1970-ல் நம் சட்டசபை, அர்ச்சகர் வேலைக்குப் பரம்பரைப் பாத்தியதை இல்லையென்று மசோதா நிறைவேற்றியது. உடனே பாத்தியதைக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடினார்கள். 1972-ல் கோர்ட்டு, பரம்பரையை ஒழித்தது செல்லும் என்று சொல்லிவிட்டு, ஆகமத்தை வாசற்படியில் காவல் நிறுத்திற்று. மணியடிக்கும் வேலைக்குப் பிறவி உரிமை கேட்டு வழக்காடினவர்கள் உண்டு. மலக்குழி வேலை எங்கள் பிறவி உரிமை என்று வழக்காடினவர் எவரேனும் உண்டா? ஒன்று அனுபவிக்கிற பரம்பரை. மற்றொன்று சுமத்தப்பட்ட பரம்பரை. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

2020-ல் "தூய்மைப் பணியாளர்" என்று புதுப் பெயர் சூட்டினார்கள். பெயர் மாறிற்று, நிலைமை மாறிற்றா? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்கு விடாதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தவர்களைப் போலீசார் நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். கேட்டது மாளிகையா? வேலைக்கு ஒரு நிலைபேறுதானே!

தோழர்களே! சர்க்காரை மட்டும் நொந்து பயனில்லை. மலக்குழியில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ம் வருஷச் சட்டப்படி 2 வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். உங்கள் வீட்டுக் குழிக்கு இயந்திரத்தைக் கூப்பிடுங்கள், மனிதனைக் கூப்பிடாதீர்கள். அவன் பிள்ளை படிக்கட்டும். வேறு வேலைக்குப் போகட்டும். "பிறகு யார் அள்ளுவது?" என்று கேட்பவருக்கு நமது பதில் இதுதான்: அசுத்தம் எல்லோருடையது, அதை அகற்றும் கடமை மட்டும் ஏன் ஒரு ஜாதிக்கு?